மெஸ் அடுப்பிலிருந்து நட்சத்திர ஓட்டல் இன்டர்வியூவுக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு அசைவ மெஸ்ஸில் நான்கு வருடமாக வேலை, இப்போது சரக்கு மாஸ்டருக்கு (தலைமைச் சமையல்காரருக்கு) அடுத்த ஆள், கையில் கேட்டரிங் டிப்ளமோ. சென்னையில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் தென்னிந்திய செக்‌ஷனுக்கு கமி 1 வேலைக்கு (உதவிச் சமையல்காரர் படிகளில் 3 கீழே, 1 மேலே) கூப்பிட்டிருக்கிறார்கள். ட்ரேட் டெஸ்ட், அதாவது சமைத்துக் காட்டும் தேர்வு, உண்டு, இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. என்ன கேட்பார்கள், என்ன சமைத்தால் எடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், ஆங்கிலம் சரியாக வராது என்றும் வருந்தியிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் "மெஸ்ஸில் வேலை பார்த்தவனை உள்ளே விடுவார்களா" என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று படுகிறது. அதனால் அதற்குத்தான் முதலில் பதில்.

விடுவார்கள். நான் ஓட்டல் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் இருக்கிறேன். கமி 3 ஆகச் சேர்ந்து சூ செஃப் (தலைமைச் செஃப்புக்கு அடுத்தவர்) வரை வந்தவன். கடந்த ஒன்பது வருடமாக ட்ரேட் டெஸ்ட் வைக்கும் பக்கம் நிற்கிறேன். என் வேலை முழுக்கச் சூடான சமையலறையில்தான். பேக்கரிப் பக்கம் நான் நின்றதில்லை, கப்பல் வேலைக்கான தேர்வும் வேறு மாதிரி, அதனால் அவற்றை இங்கே தொடவில்லை. மெஸ்ஸிலிருந்து வந்த பலரை நானே எடுத்திருக்கிறேன். அவர்களுடைய கைவேகமும், கூட்டத்தைப் பார்த்து மிரளாத குணமும், மசாலா வதங்கும் வாசனையிலேயே பதம் பிடிக்கும் மூக்கும் கல்லூரி முடித்து நேராக வருகிறவர்களிடம் கிடைக்காது. எங்களுக்கு உள்ள பயம் வேறு. நான்கு வருடம் கண்ணளவில் பழகிய கை தராசுக்குப் பழகுமா, எழுதிவைத்த ரெசிப்பிக்கு அடங்குமா, ஒவ்வொரு டப்பாவிலும் தேதி ஒட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் ஒட்டுமா என்பதுதான். அந்தப் பயத்தைப் போக்குவதற்குத்தான் இந்தப் பன்னிரண்டு நாளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயோடேட்டாவில் "சரக்கு போடுவது, பிரியாணி, குழம்பு வகைகள்" என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை வைத்து ஒரு செஃப்பால் எதையும் கணிக்க முடியாது. "ஞாயிறு மதியம் 40 கிலோ கோழி, 25 கிலோ அரிசி, அடுப்படியில் மூன்று பேர், பதினொன்றரைக்கு முதல் இலை" என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். எண்கள் உங்களுடையதாகவே இருக்கட்டும். கூட்டிச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் 40 கிலோ கோழிக்கு எவ்வளவு வெங்காயம் என்றுதான் அடுத்துக் கேட்போம்.

கட்டாயம் வரும் என்று நான் அடித்துச் சொல்லக்கூடியது சுத்தம், பாதுகாப்பு பற்றிய கேள்விகள். இதில் என் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். நான் போன முதல் இன்டர்வியூவில் அந்த செஃப் கேட்டார்: "இருபது லிட்டர் சாம்பார் மீந்துவிட்டது, என்ன செய்வாய்?" நான், "மூடி வைத்து, ராத்திரி ஆறினதும் வாக்-இன்னில் வைப்பேன் செஃப்" என்றேன். வாக்-இன் என்பது ஆள் உள்ளே போகும் அளவுக்குப் பெரிய குளிர் அறை. அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று. ஆழமான அண்டாவில் மூடிவைத்த சாம்பாரின் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூட்டிலேயே கிடக்கும். கொதியில் சாகாத கிருமி விதைகள் சில உண்டு. அவை விழித்துப் பெருகுவது அந்த இளஞ்சூட்டில்தான். அதனால்தான் ஆழமில்லாத ட்ரேக்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறி, 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்குகிறோம். சில ஓட்டல்களில் இதைவிடக் கடுமையான கணக்கு வைத்திருப்பார்கள், அதைச் சேர்ந்தபின் தெரிந்துகொள்ளலாம். ஆனால் 5-க்கும் 60-க்கும் நடுவே உணவை நிற்கவிடக்கூடாது, ஃப்ரீசர் மைனஸ் 18, கோழியின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொடவேண்டும் என்ற மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். காரணத்தோடு சொன்னால் இன்னும் நல்லது. மனப்பாடம் செய்தவனையும் புரிந்தவனையும் "ஏன்?" என்ற ஒரே கேள்வியில் பிரித்துவிடுவோம்.

வெட்டும் பலகையின் நிறங்களையும் கேட்பார்கள். பச்சை காய்கறிக்கு, சிவப்பு வேகாத இறைச்சிக்கு, நீலம் மீனுக்கு, வெள்ளை பால் பொருளுக்கும் ரொட்டிக்கும். இவற்றில் பெரும்பாலும் குழப்பம் இல்லை. மஞ்சளும் பழுப்பும்தான் இடத்துக்கு இடம் மாறும். நம் ஊர் ஓட்டல்கள் பலவற்றில் மஞ்சள் வேகாத கோழிக்கு, பழுப்பு வெந்த இறைச்சிக்கு. வேறு சில இடங்களில் வெந்த இறைச்சிக்கே மஞ்சள். "நான் படித்தது இப்படி செஃப், இங்கே எப்படி?" என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டதற்காக யாருக்கும் மதிப்பெண் குறைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஒவ்வாமை பற்றிய கேள்வி இப்போதெல்லாம் கமி நிலையிலேயே வருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-இல் கொண்டுவந்த லேபிள் விதிமுறையில் எட்டு வகைகளைச் சொல்கிறது: க்ளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் கொட்டைப் பருப்பும், சோயா, சல்ஃபைட். பட்டியலை ஒப்பித்தால் போதாது, தென்னிந்திய செக்‌ஷனில் அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரிய வேண்டும். நான் எப்போதும் கேட்பது இதுதான்: "விருந்தாளிக்குக் கோதுமை ஆகாது. இட்லி சாம்பார் கொடுக்கலாமா?" இட்லியில் அரிசியும் உளுந்தும்தானே, தாராளமாகக் கொடுக்கலாம் என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், எழுதியிருக்கும். அது சாம்பாரில் விழுகிறது, ரசத்தில் விழுகிறது. குருமாவில் முந்திரி, சட்னியில் நிலக்கடலை, ரெடிமேட் சாஸில் சோயா. உங்கள் மெஸ்ஸில் போடும் பத்து ஐட்டத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் நேராக எட்டில் எது இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாலை வேலைதான். அந்த நோட்டையே இன்டர்வியூவுக்கு எடுத்துப்போகலாம்.

இனி ட்ரேட் டெஸ்ட். என்ன ஐட்டம் கொடுப்பார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில இடங்களில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம், சில இடங்களில் ஒரு ட்ரே சாமானைக் கையில் கொடுத்து இதில் மூன்று செய் என்பார்கள். நேரம் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரை இருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரிந்தது, மெஸ்ஸிலிருந்து வருகிறவர்கள் சறுக்கும் இடம். அது சின்ன அளவு. இருநூறு பேருக்கு வைக்கும் கை நான்கு பேருக்கு வைக்கும்போது தடுமாறும். இதில் உங்கள் திறமைக்குக் குறைவில்லை, கணக்குதான் மாறுகிறது. பெரிய அண்டாவில் இருக்கும் குழம்புக்கு அதன் அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு, அதனால் தண்ணீர் மெதுவாக வற்றும். சின்னச் சட்டியில் அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், கண்மூடித் திறப்பதற்குள் சுண்டிவிடும். சுண்டினால் உப்பும் புளியும் ஏறும். அரிசிக்கும் இதே கதை, குறைந்த அளவுக்குத் தண்ணீர் விகிதத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். இதற்கு வழி, ஒரு சமையலறைத் தராசு வாங்கி உங்கள் கையை நீங்களே அளப்பதுதான். உங்கள் ஒரு பிடி உப்பு எத்தனை கிராம், மூன்று விரலில் எடுப்பது எத்தனை கிராம், மெஸ்ஸில் புழங்கும் அந்தக் கரண்டி எண்ணெய் எத்தனை மில்லி என்று அளந்து எழுதுங்கள். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 5, 6 கிராம் வரும். முடிந்த குழம்பு ஒரு கிலோ என்றால் 10 கிராம் உப்பை ஒட்டித்தான் இருக்கும். அதிலிருந்து தொடங்கி நாக்கு சொல்வதைக் கேளுங்கள். அதன்பின் வீட்டில் நான்கு பேருக்கு மட்டும், கடிகாரத்தை எதிரில் வைத்து, ஐந்தாறு தடவை செய்து பாருங்கள்.

அடுப்பும் வேறாக இருக்கும். உங்களுக்குப் பழக்கம் சீறும் பெரிய பர்னர். அங்கே இன்டக்‌ஷன் கொடுத்தால், தாளிக்கும் சட்டியைத் தூக்கி ஆட்டின நொடியே சூடு நின்றுபோகும். தெரிந்தவர் வீட்டில் ஒரு தடவையாவது அதில் தாளித்துப் பழகிவிடுங்கள். காம்பி அவன் (நீராவியும் சூடான காற்றும் சேர்ந்து வேகவைக்கும் அடுப்பு) மாதிரி நீங்கள் தொட்டிராத இயந்திரம் எதிரில் இருந்தால், தெரிந்த மாதிரி பொத்தானை அழுத்திப் பார்க்காமல், காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

என்ன சமைப்பது என்பது உங்கள் கையில் இருந்தால், நீங்கள் நூறு தடவைக்கு மேல் செய்ததை மட்டும் செய்யுங்கள். யூடியூபில் பார்த்த ஃப்யூஷன் வேண்டவே வேண்டாம். தென்னிந்திய செக்‌ஷனுக்கு எடுக்கும் செஃப், தட்டில் சாஸைக் கோடு இழுத்திருப்பதைப் பார்த்து மயங்குவதில்லை. மதுரைக்காரர் என்றால் கறி தோசை நினைவுக்கு வரும். ஆனால் ஆட்டுக்கறி வேக நேரம் எடுக்கும், மாவு அவர்களுடையதாக இருக்கும், அதன் புளிப்பு உங்கள் கையில் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வறுத்து அரைத்த கோழிக்குழம்பு, ஒரு பொரியல், ஒரு ரசம் என்று போவேன். ரசத்தை எளிது என்று ஒதுக்காதீர்கள். ரசம் வைக்கச் சொல்லியே ஆளை எடை போடும் செஃப்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். புளியின் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு பருப்புத் தண்ணீர் சேர்த்து, நுரை கட்டி மேலே எழும்பும் நேரத்தில் இறக்கத் தெரிகிறதா, மல்லித்தழை எப்போது விழுகிறது என்று பார்த்தாலே அந்தக் கை எத்தனை வருடம் பழகியது என்று தெரிந்துவிடும்.

சுவை முக்கியம்தான். ஆனால் சமைத்துக் கொண்டிருக்கும்போதே பாதி முடிவு எடுத்துவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஆங்கிலம் சுத்தமாக வராது. அவன் வைத்த மீன் குழம்பில் புளி ஒரு சுற்றுக் கூடிவிட்டது, அவனுக்கே தெரிந்தது, எங்களிடம் அதைச் சொல்லவும் செய்தான். ஆனால் வேலை ஆரம்பிக்கும் முன் கை கழுவினான், பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்து அது நகராமல் செய்தான், மீனை வெட்டியபின் பலகையையும் கத்தியையும் மாற்றினான். ஒவ்வொரு தடவை உப்புப் பார்க்கும்போதும் புது ஸ்பூன். முடிந்தபின் மீந்த சின்ன வெங்காயத்தை ஒரு டப்பாவில் போட்டு, சட்டைப் பையிலிருந்து மார்க்கர் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டினான். யாரும் அவனிடம் அதைச் சொல்லவில்லை. என் பக்கத்தில் நின்ற எக்ஸிகியூட்டிவ் செஃப் அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் தலையை ஆட்டினார். புளியைக் குறைக்க ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று அவர் பிறகு சொன்னார். அந்தப் பையன் இன்று டி.சி.டி.பி., அதாவது கமிக்கு மேல்படியில் இருக்கும் செஃப்.

உள்ளங்கையில் குழம்பை விட்டு நக்கிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும், நம் எல்லோருக்கும் இருந்ததுதான். இன்றைக்கே நிறுத்துங்கள். பன்னிரண்டு நாளும் மெஸ்ஸிலேயே ஸ்பூனில் பார்த்துப் பழகினால்தான், டெஸ்ட் அன்று பதற்றத்தில் கை பழைய இடத்துக்குப் போகாது. தோளில் துண்டு போட்டு அதிலேயே கையும் கத்தியும் முகமும் துடைப்பதும் அப்படித்தான்.

டிப்ளமோ என்று போட்டுவிட்டதால் பாடப்புத்தகக் கேள்விகளும் இரண்டு வரும். பிரெஞ்சு செஃப் எஸ்கோஃபியே வகுத்த ஐந்து அடிப்படை சாஸ்கள் (மதர் சாஸ்): பெஷமெல், வெலூட்டே, எஸ்பான்யோல், தக்காளி, ஹாலண்டேஸ். ஜூலியன் என்றால் சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பில் தீக்குச்சி மாதிரி, அதையே குறுக்கே கட்டமாக வெட்டினால் ப்ரூன்வா. அளவு புத்தகத்துக்குப் புத்தகம் சற்று மாறும், அதனால் மில்லிமீட்டருக்குக் கவலைப்படாமல் எல்லாத் துண்டும் ஒரே அளவில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கிலோ கேரட் வாங்கி வெட்டிப் பழகினால் போதும், பொரியலுக்கு ஆயிற்று.

ஃபுட் காஸ்ட் கணக்கு கமி 1-க்கு அவசியமில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. 240 ரூபாய்க்கு விற்கும் தட்டில் 72 ரூபாய்க்குச் சாமான் போனால் 30 சதவீதம் என்பது தெரிந்தால் போதும், அதோடு கழிவுக் கணக்கும். கிலோ 800 ரூபாய்க்கு வாங்கிய மீன் சுத்தம் செய்தபின் 600 கிராம்தான் நிற்கிறது என்றால், அதன் உண்மையான விலை கிலோ 1,333 ரூபாய். மெஸ்ஸில் நீங்கள் தினமும் வெங்காயம் உரிக்கிறீர்கள், கோழி வெட்டுகிறீர்கள். நாளைக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் எடை போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "எங்கள் இடத்தில் இவ்வளவு கழிவு போகிறது" என்று நீங்களே எடுத்துச் சொன்னால், அது எந்தச் சான்றிதழையும்விட எடை கூடியது.

ஆங்கிலத்துக்காக நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. சென்னை ஓட்டல் சமையலறையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்துதான் ஓடும். எச்.ஆர். அறையில் உங்களைப் பற்றி ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார்கள். ஊர், படிப்பு, எங்கே எத்தனை வருடம், என்ன செக்‌ஷன் என்று ஐந்து சின்ன வாக்கியம் போதும். செஃப்பிடம் பேசும்போது சிக்கினால், தமிழில் சொல்லலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், எல்லோரும் சம்மதிப்பார்கள் என்று உறுதி தரமாட்டேன். கே.ஓ.டி.யில் (சமையலறைக்கு வரும் ஆர்டர் சீட்டில்) வரும் ஐட்டம் பெயர்களையும், காய்கறி, மசாலா, பாத்திரங்களின் ஆங்கிலப் பெயர்களையும் மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், அதில் தவறினால் வேலையே தவறும். மெஸ்ஸை ஏன் விடுகிறாய் என்று கேட்டால், முதலாளியைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். உங்கள் மனக்குறை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவான் என்று கேட்கும். கற்றுக்கொள்ள வருகிறேன் என்பது உண்மைதானே, அதைச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கமி 1 என்று கூப்பிட்டுவிட்டு, ஓட்டல் அனுபவம் இல்லை என்பதால் கமி 2 தருகிறோம் என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல செக்‌ஷன், சொல்லிக் கொடுக்கும் சி.டி.பி. (ஒரு பிரிவுக்குப் பொறுப்பான செஃப்) கிடைத்தால் ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் எத்தனை மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பிரேக் ஷிஃப்ட் (நடுவில் இடைவெளி விட்டு இரண்டு துண்டாக வரும் வேலை நேரம்) உண்டா, தங்க இடம் தருவார்களா, சர்வீஸ் சார்ஜில் பங்கு உண்டா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு நாள் ட்ரையல் என்பது வழக்கம், பல நாள் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது வழக்கம் இல்லை. இந்த வேலையை வாங்கித் தருகிறேன் என்று இடையில் யாராவது பணம் கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

போகிற அன்று: நகம் வெட்டி, சவரம் செய்து, மோதிரம், கயிறு, வாட்ச் இல்லாமல், சென்ட் போடாமல். வெளுத்த கோட், ஏப்ரன், இரண்டு டஸ்டர், மூடிய ஷூ, மார்க்கர், சின்ன நோட்டு. உணவைக் கையாள்பவர்களுக்கு வருடம் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை சட்டப்படியே உண்டு. உங்கள் மெஸ்ஸில் அந்தச் சான்று எடுத்திருந்தால் நகல் கொண்டுபோங்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியான ஃபாஸ்டாக் (FoSTaC) முடித்திருந்தால் அந்தச் சான்றிதழும். ஊழியர்கள் நுழையும் வாசல் தனி, டைம் ஆபீஸில் பெயர் எழுதித்தான் உள்ளே விடுவார்கள், அதற்கே இருபது நிமிடம் போகும். சொந்தக் கத்தி கொண்டுபோவது நல்லது, ஆனால் பையை ஸ்கேன் செய்வார்கள், முன்கூட்டிச் சொல்லாமல் கத்தியோடு போய் நிற்காதீர்கள்.

அதனால் நாளைக் காலையிலேயே எச்.ஆருக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: கத்தி கொண்டு வரலாமா, ட்ரேட் டெஸ்ட் எத்தனை பேருக்கான அளவு, எவ்வளவு நேரம். பதில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த நேரத்துக்குள் அடங்கும் மூன்று ஐட்டத்தையும், எது முதலில் அடுப்பில் ஏற வேண்டும் என்ற வரிசையையும் சேர்ந்தே குறித்துவிடலாம்.